மேற்படி முதிரை மரம்

பின்வரும் வரலாற்றில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஓர் இலைகூடக் கூட்டிச் சொல்லப்படவில்லை. இதற்காக 1971ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதலாந் திகதி, கொழும்பு நீதிமன்றங்கள் கூடும் புதுக்கடையில், சமாதான நீதவான் சண்முகலிங்கம் அவர்கள் முன்னிலையில், வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்து சத்தியக் கடதாசியும் முடித்தாயிற்று. கடதாசி பத்திரமாக இருக்கிறது. கேட்டால் காட்டலாம். ஆனபடியால் நடுவிலே யாரும் "அப்படியும் நடக்குமோ?" என்று குறுக்கே விழவேண்டாம்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் றேமண்ட் குடியிருந்தார். பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. மேபலைக் கட்டியபோது வெள்ளவத்தை வீடு சீதனமாக வந்தது. முன்வீடு மேபலுக்கு. பின்வளவு மட்டும் மேபலின் தமையன் சவுந்தரநாயகத்தின் பெயரில் இருந்தது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

றேமண்டுக்குத் துறைமுகத்தில் மரக் களஞ்சியத்திலே வேலை. வன்னிக் காட்டில் தறித்த முதிரை மரங்கள் ரயிலில் வந்து இறங்கும். அவர் நாடாவைச் சுற்றி அளந்து, அடிமுனையில் இரும்புச் சுத்தியலால் இலக்கம் குத்திக் கப்பலுக்கு அனுப்புவார். முப்பது வருடம் இதே வேலை. முதிரையைப் பற்றி அவருக்குத் தெரியாத சங்கதி கிடையாது. பாலத்துக்குக் கால் போட்டால் பாலம் போனாலும் கால் நிற்கும். ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டை, வண்டிச் சில்லுக்கு அச்சு, துரைமார் வீட்டு அலுமாரி எல்லாம் அதில்தான். இழைத்து மினுக்கினால் மஞ்சள் பட்டுச் சேலையை விரித்துப் போட்டதுபோல இருக்கும். கறையான் ஒன்று அதைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பல்லில்லாமல் திரும்பியதை றேமண்ட் தன் கண்ணால் கண்டவர். ஒருநாள் கிரேனிலிருந்து ஒரு குற்றி நழுவிக் கடலில் விழுந்தது. வேறு மரமென்றால் மிதக்கும். இது நேரே அடிக்குப் போனது. அடியிலும் நிற்க மனமில்லாமல் சேற்றுக்குள் இறங்கிற்று. அந்த இடத்தில் துறைமுகத்தின் ஆழம் இன்றைக்கும் இரண்டடி அதிகம்.

அவருக்கு ஒரேயொரு குறைதான். அறுபதினாயிரம் முதிரையைத் தொட்டு அளந்த மனிதர், இலை வைத்த முதிரை ஒன்றைக் கண்டதில்லை. கொட்டாஞ்சேனைச் சனமெல்லாம் ஓகஸ்ட் மாதம் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய், முதிரையும் பாலை மரமும் நிற்கிற வன்னிக் காட்டிலே கொட்டில் போட்டுப் பத்து நாள் தங்கி வரும். மரக்கப்பல் வருவதும் ஓகஸ்டில்தான். அவருக்கு லீவு கிடைக்காது.

"நான் அளந்ததெல்லாம் பிரேதம், மேபல். ஒண்டையாவது உயிரோடை, பூவோடை பார்த்திட்டுத்தான் கண்ணை மூடுவன்."

"முதல்ல என்னைப் பாருங்கோ. நானும் உயிரோடைதான் நிக்கிறன்" என்பாள் மேபல்.

1960ஆம் ஆண்டு, வவுனியாவிலிருந்து வந்த ஒரு குற்றியின் பட்டை வெடிப்பில், மெல்லிய இறகு வைத்த விதையொன்று ஒட்டியிருந்தது. றேமண்ட் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து பின்வளவில் நட்டார். முளைத்தது. முளைத்த கையோடு சாகத் தொடங்கியது.

முதிரைக்குக் கல்லும் மணலும் கலந்த நிலம் வேண்டும். வேரில் தண்ணீர் தங்கக் கூடாது. வருடத்தில் நாலைந்து மாதம் காய்ந்து கருகவேண்டும். வன்னியில் வெயில் கொளுத்துகிற அதே மாதங்களில்தான் வெள்ளவத்தையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். மரத்தை வன்னிக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே வன்னியை வெள்ளவத்தைக்குக் கொண்டுவருவதென்று றேமண்ட் தீர்மானித்தார்.

முதலில் மண். மடுவுக்குப் போகிறவர்கள் ஒரு பிடி மண் எடுத்து வருவது வழக்கம். வீட்டில் வைத்தால் பாம்பு தீண்டாது என்பது நம்பிக்கை. கொட்டாஞ்சேனை யாத்திரைக் கூட்டத்துக்குத் தலைவி றோஸி. துறைமுகத்தடியில் அப்பம் சுட்டு விற்கிறவள், அவள் சத்தம் போட்டால் கப்பல் நங்கூரம் எடுக்கும். அவளிடம் றேமண்ட் சொன்னார்:

"றோஸி, எனக்கும் கொஞ்சம் மடு மண் வேணும்."

"எவ்வளவு அண்ணை? ஒரு பிடியோ?"

"ஒரு லொறி."

றோஸி கண் வெட்டவில்லை. அந்த வருடத்திலிருந்து ஒவ்வொருவரும் தங்கள் ஒரு பிடியோடு றேமண்ட் அண்ணைக்கு ஒரு சாக்கும் கட்டிக்கொண்டு வந்தார்கள். பதினொரு வருடத்தில் பின்வளவு நெஞ்சளவு உயர்ந்தது. பாம்பு ஒன்றுகூட வரவில்லை. வெள்ளவத்தையில் அதற்கு முதலும் பாம்பு இருந்ததில்லையே என்று சவுந்தரநாயகம் கேட்டதை யாரும் காதில் போடவில்லை.

அடுத்தது மழை. கப்பலில் கழித்துவிட்ட, தார் பூசிய தறப்பாள்களைக் கொண்டுவந்து, உடைந்த படகுகளின் பாய்மரத்தை நாலு மூலையிலும் நட்டு, கயிறும் கப்பியும் பூட்டினார். வெயில் எறித்தால் திறக்கும், மழை இருட்டினால் மூடும். "மழை வருகுது மேபல், இழு!" என்று அவர் கத்தினால், மேபல் அகப்பையோடு ஓடிவந்து இழுப்பாள். கூடாரத்தைக் கண்டு சர்க்கஸ் என்று நினைத்து இரண்டு குடும்பம் படலையில் நின்று டிக்கெட் கேட்டதும் உண்டு. றேமண்ட் தினமும் காலையில் மரத்தின் அருகே போய், "இண்டைக்கு வவுனியாவில தொண்ணூற்றேழு டிகிரி" என்று சொல்லுவார். கடல் இரைகிற சத்தம் காட்டில் காற்று வீசுகிற சத்தம்தான் என்றும் விளக்கினார். விடிய எழும்பி மயில்போல அகவியும் பார்த்தார். மூன்றாம் நாள் ஹெவ்லொக் டவுன் பக்கமிருந்து உண்மையான மயில் ஒன்று மறுமொழி சொன்னது.

"என்னைக் கட்டினதுக்கு நீங்கள் இந்த மரத்தைக் கட்டியிருக்கலாம்" என்றாள் மேபல். சொன்னாலும் கயிற்றை விடவில்லை.

மரம் பொறுமையாக வளர்ந்தது. முதல் வருடம் இரண்டு இலை. அடுத்த வருடம் யோசித்து ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டது. பதினோராம் வருடம் வீட்டுக் கூரையைத் தாண்டி இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. பூ மட்டும் இல்லை. இதற்கிடையில் றேமண்ட் ஓய்வு பெற்றும் விட்டார். ஆனால் மடுவுக்குப் போகவில்லை. ஓகஸ்டில் மரத்தை யாரிடம் விட்டுப் போவது?

1971ஆம் ஆண்டு தொடக்கத்தில் சவுந்தரநாயகம் ஒரு மொறிஸ் மைனர் கார் வாங்கினார். புதுக்கடையில் புறக்டர் ஒருவரிடம், அதுதான் சட்டத்தரணியிடம், கிளார்க். நித்திரையில் குறட்டை விட்டாலும் 'மேற்படி', 'இத்தால்' என்றுதான் விடுவார். காருக்கு ஒரு கராஜ் வேண்டும், பின்வளவோ தன் பெயரில். இது அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

"மச்சான், மரத்தைத் தறிக்கவேணும்" என்றார்.

"இன்னும் பூக்கேல்லை, மச்சான்."

"கொழும்பில முதிரை பூக்கிறதோ? கோழிக்குப் பல்லு முளைக்கேக்கை பூக்கும்!"

"பூத்தா?"

அந்த ஒரு கேள்வி சவுந்தரநாயகத்தின் உடம்பில் ஓடுகிற புதுக்கடை இரத்தத்தைச் சூடாக்கிவிட்டது. அங்கேயே ஒப்பந்தம் எழுதினார். ஓகஸ்ட் பதினைந்தாந் திகதி, மடு திருவிழா நாள், மாலை ஆறு மணிக்குள் மேற்படி மரம் பூத்தால் பின்வளவு என்றைக்கும் மரத்துக்கே. பூக்காவிட்டால் அன்றைக்கே தறித்துக் கராஜ். பூத்தால், முதலாந் தரப்பாரான சவுந்தரநாயகம் அதைத் தன் இரு கண்ணாலும் கிட்ட நின்று காணவேண்டும் என்று நாலாவது வாசகம் ஒன்றையும், தன் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டே, சேர்த்தார். இருவரும் ஒப்பமிட்டார்கள்.

ஓகஸ்ட் ஆறாந் திகதி காலை யாத்திரை லொறி வந்தது. ஓட்டுகிறவர் அலவி. கொட்டாஞ்சேனையில் நாற்பத்திரண்டு பேரையும் சட்டி பானைகளையும் ஏற்றிக்கொண்டு, வழக்கம்போல வெள்ளவத்தைக்கு வந்து மேபலையும் ஏற்றி, அதன் பிறகுதான் வடக்கே திரும்புவார். அன்றைக்கு றேமண்டின் படலையடியில் 'டமார்' என்றொரு சத்தம் கேட்டது. அலவி லொறிக்குக் கீழே போய்ப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"எக்சல் முறிஞ்சி போச்சி. பத்து நாளைக்கி இது அசையாது."

சனம் அழத் தொடங்கியது. நேர்ச்சை, நவநாள், எல்லாம் போச்சு. மழையும் பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓடிப்போய் றேமண்டின் தறப்பாளுக்குக் கீழே ஒதுங்கினார்கள். றோஸி மட்டும் அழவில்லை. காலுக்குக் கீழே கிடந்த மண்ணைப் பார்த்தாள். தலைக்கு மேலே நின்ற மரத்தைப் பார்த்தாள்.

"ஏய், என்னத்துக்கு அழுறியள்? இது எந்த மண்?"

"மடு மண்."

"இது எந்த மரம்?"

"மடுவில நிக்கிற மரம்."

"அப்ப நாங்கள் எங்கை நிக்கிறம்?"

நாற்பத்திரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதினொரு வருடமாகச் சாக்குச் சாக்காக மடுவை இங்கே சுமந்து வந்தது அவர்கள்தானே? கால்மணி நேரத்தில் கொட்டில் எழும்பிற்று. மேபலின் மாதா சுரூபம் முதிரையடியில் ஏறியது. மடுவில் செய்வதுபோலவே மூன்று கல் வைத்துப் பதினான்கு அடுப்பு மூட்டினார்கள். ஒன்பது நாள் நவநாள் செபம் தொடங்கியது.

வெளியே மழை. உள்ளே மூடிய தறப்பாளுக்குக் கீழே பதினான்கு அடுப்பு, ஒன்பது நாள், இரவு பகல். சூடு எப்படி என்றால், மெழுகுதிரிகள் தாமாகவே குனிந்து கும்பிட்டன. அப்பளத்தை எண்ணெயில் போடத் தேவையில்லை, கொடியில் தொங்கவிட்டால் பொரிந்தது. துணியைத் துவைக்க முன்னமே காய்ந்துவிட்டது. தறப்பாளில் விழுந்த மழை அப்படியே ஆவியாகித் திரும்பி மேலே போய், பம்பலப்பிட்டிப் பக்கம் தன் வேலையைப் பார்த்தது. கொழும்பில் ஒருவரும் அறியாத ஒரு கடும் கோடை, பதினைந்து பேர்ச் பின்வளவில் மட்டும் எரிந்தது.

ஏழாம் நாள் காலை றேமண்ட் கண் விழித்தபோது அவர் முகத்தில் இலை கிடந்தது. எழும்பிப் பார்த்தார். மரத்தில் ஓர் இலைகூட இல்லை. எல்லாம் நிலத்தில். கொப்புகள் எலும்பு போல நின்றன.

சவுந்தரநாயகம் செய்தி கேட்டு ஓடிவந்து, தொப்பியைக் கழற்றி, "மேற்படி மரம் காலமாகிவிட்டது. இத்தால் சகலரும் அறியவும்" என்றார்.

றேமண்ட் அடிமரத்தில் கை வைத்தபடி இருந்தார். அறுபதினாயிரம் பிரேதத்தோடு இதுவும் ஒன்று. இந்த ஒன்றைச் சூடு காட்டி நானே கொன்றுவிட்டேனே என்றுதான் அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. மேபல் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள். பகிடி எதுவும் விடவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"அண்ணை, ஏன் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறியள்?" என்று வந்தாள் றோஸி. "மடுவிலையும் இந்த மாதம் முதிரை மொட்டையாத்தான் நிக்கும். வருஷா வருஷம் நாங்கள் அதுக்குக் கீழைதானே படுக்கிறம்."

றேமண்ட் துள்ளி எழும்பினார். "மெய்யே? அதுக்குப் பிறகு பூக்குமோ?"

"அது தெரியாது. பதினைஞ்சாந் திகதி பின்னேரம் நாங்கள் லொறி ஏறிடுவம்."

முப்பது வருடம் யாத்திரை போன கூட்டத்தில் ஒருவருக்கும் மிச்சக் கதை தெரியாது. மேபல் தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகினாள். "தெரியாட்டி என்ன? இன்னும் மூண்டு நாள் கிடக்கு. அடுப்பு நெருப்பை நூர விடாதேங்கோ!" என்றாள்.

பதினைந்தாந் திகதி மாலை ஐந்து மணிக்குச் சவுந்தரநாயகம் வந்தார். ஒரு கையில் ஒப்பந்தம், மறு கையில் மணிக்கூடு, பின்னால் கோடாலியோடு தங்கையா. கிருலப்பனையில் மரம் தறிக்கிற தொழிலாளி. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்.

"ஆறு மணி அடிக்க முந்தித் தறிக்கக் கூடாது" என்று றோஸி குறுக்கே நின்றாள்.

"அடியை மட்டும் கொத்திப் பார்க்கலாம். ஒப்பந்தத்தில தடையில்லை" என்றார் சவுந்தரநாயகம்.

தங்கையா ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். கோடாலி பிறை நிலாவாக வளைந்தது. இரண்டாவது வெட்டில் பறந்த பொறியில், றோஸி அப்போதுதான் கல் வைத்திருந்த பதினைந்தாவது அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டது. தங்கையா கோடாலியைத் தடவிப் பார்த்தார்.

"ஐயா, இது மரமா, இல்ல ரயிலு தண்டவாளமா?"

"அப்ப மேலை ஏறி, ஆறடிக்க உடனை கொப்பிலையிருந்து தொடங்கு."

ஏறுவதற்குத் தறப்பாளைத் திறக்கவேண்டும். மேபல் கயிற்றை அவிழ்த்தாள். உச்சியில் அடைந்து கிடந்த அடுப்புப் புகை வெளியே போய், ஒன்பது நாளுக்குப் பிறகு வானம் தெரிந்தது. மழை விட்டிருந்தது. கடல் பக்கத்திலிருந்து சாயங்கால வெயில் நேரே மரத்தின் உச்சியில் விழுந்தது. தங்கையா கயிறு கட்டி மேலே போனார். போனவர் சத்தமில்லை.

"என்ன தங்கையா, நித்திரையோ?"

"ஐயா..." மேலேயிருந்து குரல் மெல்ல வந்தது. "பூவுங்க."

"என்ன?"

"உச்சியெல்லாம் பூவுங்க ஐயா! வெள்ளவெளேருன்னு! கொத்துக் கொத்தா!"

நாற்பத்திரண்டு பேரும் போட்ட கூச்சலில் கடற்கரை ரயில் ஒருதரம் பிரேக் போட்டது. சவுந்தரநாயகம் மட்டும் கையை உயர்த்தினார்.

"மரம் தறிக்கிறவன் சொல்லுறது சாட்சியமில்லை. நாலாவது வாசகம் என்ன சொல்லுது? முதலாந் தரப்பார் தன்ரை இரண்டு கண்ணாலும்..."

சொல்லிக்கொண்டு போனவர் நடுவில் நின்றார். முதலாந் தரப்பார் தான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. மணிக்கூட்டில் ஐந்து ஐம்பது.

"நீங்கள் எழுதின வாசகம்தானே, அண்ணை" என்றாள் மேபல், மிகவும் மரியாதையாக. "ஏறுங்கோ."

வெள்ளை நீளக் காற்சட்டையோடு சவுந்தரநாயகம் ஏறினார். ஏறினார் என்பது சரியில்லை, ஏற்றப்பட்டார். கீழேயிருந்து நாற்பத்திரண்டு பேர் தள்ள, மேலேயிருந்து தங்கையா இழுக்க, அலவி லொறியின் ஜாக்கியைக் கொண்டுவந்து இடையில் முட்டுக் கொடுத்தார். உச்சிக் கொப்பைப் பிடித்ததும் மரம் ஒருதரம் குலுங்கிற்று. அவர் தலையில், தோளில், மீசையில் எல்லாம் சின்னஞ்சிறு வெண்மஞ்சள் பூக்கள் சொரிந்தன.

றேமண்ட் மேலே பார்க்கவே இல்லை. கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

"பூத்திருக்கோ, இல்லையோ?" என்று கத்தினாள் றோஸி.

சவுந்தரநாயகம் பெரிதாகத் தும்மினார். பிறகு தொண்டையைச் செருமினார். என்ன இருந்தாலும் புதுக்கடையில் வளர்ந்த மனிதர், கண்டதைக் காணவில்லை என்று சொல்ல வாய் வராது.

"மேற்படி மரம்... மேற்படி திகதிக்குள்... மேற்படி நேரத்துக்குள்..." என்று இழுத்து, "பூத்திருக்கடா மச்சான், பூத்திருக்கு! என்ன வாசம்!" என்று தன்னை மறந்து கத்திவிட்டார்.

கோயில் மணி ஆறு அடித்தது. பூவைக் கண்டதாக ஒப்பந்தத்தின் அடியில், கொப்பில் வைத்தே ஒப்பமிட்டுக் கீழே போட்டார்.

தங்கையா ஒரு கொத்தை உடைத்துக்கொண்டு இறங்கி, றேமண்டின் கையில் வைத்தார். அவர் கண்ணைத் திறந்தார். அரிசிப் பொரி அளவுப் பூக்கள். ஐந்து இதழ். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, முப்பது வருடப் பழக்கம், காற்சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, ஒரு பூவை அளந்தார்.

"கால் அங்குலம்" என்றார்.

"இலக்கம் குத்தேல்லையோ?" என்று கேட்டாள் மேபல்.

"இதுக்கு இலக்கம் இல்லை" என்று சொல்லி, அந்தக் கொத்தை அவள் கொண்டையில் செருகினார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் காலி வீதி முழுக்கக் கண்டது. றேமண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, மாதா பாட்டுப் பாடிக்கொண்டு, சட்டி பானை தட்டிக்கொண்டு ஊர்வலம் போயிற்று. பஸ்கள் நின்றன. வாசம் தெகிவளை வரைக்கும் போனது. ஊர்வலத்துக்குப் பின்னால் அலவியின் லொறி கோர்ன் அடித்துக்கொண்டு ஜோராக ஓடிவந்தது.

"எக்சல் முறிஞ்சதெண்டியள்?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டாள் றோஸி.

"அது மூணு நாளைக்கி முந்தியே சரி" என்றார் அலவி. "இத்தன நாள் நெருப்புல வெந்துட்டு, மரம் பூக்கிறதப் பாக்காமப் போக ஏலுமா?"

பின்வளவு மரத்துக்கே எழுதப்பட்டது. மொறிஸ் மைனர் ஒழுங்கையிலேயே நின்றது. அதற்கு வெயிலும் மழையும் படாமல், வேலையில்லாமல் கிடந்த தறப்பாளை எடுத்து றேமண்டே போர்த்துவிட்டார். மழை இருட்டினால் இப்போது கயிற்றை இழுப்பது சவுந்தரநாயகம். மேபல் உள்ளே இருந்து "இழுங்கோ அண்ணை!" என்று மட்டும் சத்தம் கொடுப்பாள்.

மேற்படி சத்தியக் கடதாசிக்கு ஒப்பமிட்ட சமாதான நீதவான் சண்முகலிங்கம் அவர்கள் 1964ஆம் ஆண்டு மாசி மாதம் காலமாகி, பொரளை கனத்தையில் தகனம் செய்யப்பட்டார்.